நான்காவது பாட்டில்

நான் கையெழுத்துப் போட்ட ஓர் அறிக்கையால் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. அந்த அறிக்கை தவறு. ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர்கள், நன்றாக முடிந்த வேலைகளைப் பற்றித்தான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவையெல்லாம் கோப்புகளில் இருக்கின்றன. நீங்களே எடுத்துப் படித்துக்கொள்ளலாம். இந்த விஷயம் கோப்பில் பாதிதான் இருக்கிறது. மீதி என்னிடம் இருக்கிறது.

நம் வேலையை வெளியாள் ஒருவருக்கு இப்படிச் சொல்லலாம். தொழிற்கூடத்துக் கழிவுநீரை ஒரு தொட்டியில் விட்டு, காற்றை ஊதி, அங்கே வாழும் நுண்ணுயிர்களிடம் ஒப்படைக்கிறார்கள். அவை ரசாயனங்களைத் தின்று தீர்த்தால் தண்ணீர் வெளியே போகலாம். தின்னுமா, எவ்வளவு தின்னும், எத்தனை நாளில் தின்னும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் நமது வேலை. "நீயும் ஜோசியம்தானே பாக்குறே?" என்று என் கணவர் கேலி செய்வார். ஜோசியர் பேச்சைக் கேட்டு யாரும் தொழிற்கூடத்தைப் பூட்டுவதில்லை என்று நான் சொல்வேன். சிரித்துக்கொண்டுதான் சொல்வேன், அந்த வருடம் வரைக்கும்.

அப்போது கீரனூரிலிருந்து திருச்சிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். வேலையில் சேர்ந்து ஏறக்குறைய இருபது வருடம் ஆகியிருந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் மணமேல்குடிப் பக்கம் ஓர் இறால் பதப்படுத்தும் கூடத்துக்கு நான் கணித்துக் கொடுத்தது அப்படியே பலித்தது. எத்தனை நாளில் தண்ணீர் தெளியும் என்று எழுதினேனோ அத்தனை நாளில் தெளிந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். இறால் கழுவிய தண்ணீர் எந்த நுண்ணுயிருக்கும் கல்யாணச் சாப்பாடு. அதைத் தின்னும் என்று சொல்லப் பெரிய அறிவு வேண்டாம். அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு வந்ததுதான் முந்திரிக் கூடம். புதுக்கோட்டைக்கும் கந்தர்வகோட்டைக்கும் நடுவில் இருந்தது. முந்திரிக்கொட்டையை நீராவியில் அவித்து, உடைத்து, பருப்பெடுத்து அனுப்புவார்கள். ஒரு தடவை அவிப்பதற்கு ஓர் அவியல் என்று பேர். முந்திரி ஓட்டுக்குள் ஒரு கறுப்பு எண்ணெய் உண்டு. கையில் பட்டால் தோல் வெந்துபோகும். அவிக்கும்போது அதில் கொஞ்சம் தண்ணீரோடு கலந்து வெளியே வரும். அந்தத் தண்ணீருக்காகக் கூடத்தின் பின்புறம் காற்றூதும் தொட்டி ஒன்று கட்டியிருந்தார்கள்.

கீழ்ப்பக்கத்து வயல்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். வாய்க்கால் தண்ணீர் காப்பி நிறத்தில் வருகிறது, ஆடுகள் வாய் வைப்பதில்லை என்று எழுதியிருந்தார்கள். மனுவில் பொய் இல்லை. அந்த வாய்க்காலை நானே பார்த்தேன். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். இந்த எண்ணெய்க் கழிவை அந்தத் தொட்டி தின்னுமா, தின்னாதா? தின்னும், ஆனால் அளவுக்கு மீறிக் கொட்டுகிறார்கள் என்றால் அளவைக் குறைக்கச் சொல்லலாம். தின்னவே தின்னாது என்றால் பூட்ட வேண்டியதுதான்.

கழிவுநீர் எடுக்கப் போன அன்று, கொட்டை உடைக்கிற பெண்களில் ஒருத்தி கேனைப் பிடித்துக்கொள்ள வந்தாள். தெய்வானை என்று பெயர். முப்பது வயதிருக்கும். விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. கணவன் இல்லை, மகள் ஆறாவது படிக்கிறாள் என்று கேட்காமலே சொன்னாள். கேன் நிறைந்ததும் மூடியை இறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நல்ல முடிவா வருமாங்க மேடம்?"

"வரும்னுதான் நெனைக்கிறேன்" என்றேன்.

எதை வைத்துச் சொன்னேன்? ஒன்றும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். உங்களிடமும் இப்படிக் கேட்பார்கள். அந்த நேரத்தில் ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடத் தோன்றும். "இன்னும் தெரியாதும்மா" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். கேட்கிறவருக்கு அது அன்றைக்குக் கசக்கும், அவ்வளவுதான்.

பாட்டில் சோதனை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நான் என்ன செய்தேன் என்பது புரிய, ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நான்கு பாட்டில் வைக்க வேண்டும். நான்கிலும் நுண்ணுயிர்ச் சேறு இருக்கும். முதலாவதில் வேறு ஒன்றும் கிடையாது. இரண்டாவதில் சர்க்கரை, அது எந்த நுண்ணுயிரும் தின்னும் உணவு. மூன்றாவதில் கழிவுநீர். நான்காவதில் சர்க்கரையும் கழிவுநீரும் சேர்த்து. மூடி வைத்துவிட்டு, பாட்டிலுக்குள் ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்போம். தின்றால் மூச்சு விடும். மூச்சு விட்டால் ஆக்சிஜன் குறையும்.

சேற்றைத் திருச்சியில், வீட்டுச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையத்திலிருந்து வாங்கிவந்தேன். இறால் கூடத்துக்கும் அதைத்தான் எடுத்திருந்தேன். முந்திரிக் கூடத்துத் தொட்டியிலேயே சேறு இருந்தது. பார்க்கக் கறுப்பாக, அழுக்காக இருந்ததால் அதை நான் மதிக்கவில்லை.

பாட்டில்களை அடுக்கும் நாளில், அவற்றை ஒரே சூட்டில் வைக்கும் எங்களுடைய இரண்டு இன்குபேட்டரில் ஒன்று பழுதாகிக் கிடந்தது. இன்னொன்றில் ஓர் ஆஸ்பத்திரியின் மாதிரிகள் நிறைந்திருந்தன. அதிகாரிகள் அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு வகையிலும் ஒரு வரிசை வைக்க வேண்டும், மூன்று வரிசைக்குத்தான் இடம் இருந்தது. நான்காவது பாட்டிலை விட்டுவிட்டேன். அது ஒரு சம்பிரதாயம், இத்தனை வருடத்தில் அது எதையும் புதிதாகச் சொன்னதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான்கு வாரம் ஓடியது. சர்க்கரை பாட்டிலில் ஆக்சிஜன் நன்றாகக் குறைந்தது. கழிவுநீர் பாட்டிலில் ஊசி நகராத மாதிரி நின்றது. கணினியில் அந்த எண்ணெயின் மூலக்கூறு அமைப்பைக் கொடுத்துப் பார்த்தேன். மெதுவாக உடையும், வாரக் கணக்கில் ஆகலாம் என்றது. மெதுவாக என்றால் உடையாது என்று பொருள் இல்லை. ஆனால் கையில் நகராத பாட்டிலை வைத்துக்கொண்டு படித்தவளுக்கு, கணினியும் தன் பக்கம் பேசுவதாகத்தான் பட்டது. இரண்டு சாட்சிகள் ஒத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன். 'இந்தக் கழிவு இந்த முறையில் சிதையத்தக்கதன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் தலைமை ஆய்வாளர் படித்துவிட்டு அவரும் போட்டார்.

ஒரு வாரத்துக்குள் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள்.

பூட்டிப் பதினைந்து நாள் கழித்து நான் அங்கே போனேன். மனசாட்சி உறுத்தியதால் போனேன் என்று சொன்னால் அது பொய். ஆக்சிஜன் அளக்கிற எங்கள் மீட்டர் ஒன்று அங்கே தங்கிவிட்டது, எடுத்துவரப் போனேன். முன்பக்கம் பூட்டியிருந்தது. பின்பக்கம் காற்று மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. சுற்றிக்கொண்டு போனால், தொட்டி ஓரத்தில் மூக்காயி நின்றுகொண்டிருந்தார். அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருடையது. ஐம்பதை நெருங்குகிறவர், கட்டையான உடம்பு. ஒரு வாளியில் கஞ்சித் தண்ணீர், இன்னொரு வாளியில் அந்தக் கறுப்புத் தண்ணீர்.

"வாங்க மேடம். மீட்டருக்கா? உள்ள பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்."

"கூடம்தான் பூட்டியாச்சே. என்ன பண்றீங்க?"

"பூச்சி பட்டினி கெடக்கக் கூடாதுல்லங்க" என்றார். நுண்ணுயிர்களை அவர் பூச்சி என்றுதான் சொல்வார். "கஞ்சி கொஞ்சம் ஊத்துவேன். அங்கிட்டுக் குழியில தேங்குன பழைய தண்ணி இருக்கு, அதுலயும் ஒரு வாளி. வெறும் கஞ்சியாவே குடுத்தா இந்தத் தண்ணியோட பழக்கம் விட்டுப்போயிருமுங்க."

"பழக்கமா?"

"ஆமாங்க. தொட்டி கட்டுன புதுசுல ரெண்டு தடவ எல்லாம் செத்துப்போச்சு. தண்ணிய மொத்தமாத் தெறந்து விட்டுட்டாங்க. நாத்தம் தாங்கல. மூணாவது தடவ நான்தான் வாளி வாளியா ஊத்திப் பழக்குனேன். ரெண்டு மாசம் ஆச்சு. அப்பறம் நல்லாத்தான் தின்னுச்சு. சீசன்ல ஒரு நாளைக்கு ரெண்டு அவியல் போட ஆரம்பிச்சாங்க பாருங்க, அப்பத்தான் முடியாமப் போச்சு."

நான் மீட்டரை எடுத்து, வேலை செய்கிறதா என்று பார்க்க அதன் முனையைத் தொட்டிக்குள் விட்டேன். எண் ஓரிடத்தில் நின்றது. மூக்காயி கறுப்புத் தண்ணீர் வாளியைச் சாய்த்தார். சற்று நேரத்தில் எண் இறங்க ஆரம்பித்தது. மோட்டார் அதே வேகத்தில்தான் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. ஆனாலும் இறங்கிக்கொண்டே போனது. உள்ளே எதுவோ மூச்சு விடுகிறது. நான் தின்னாது என்று எழுதிக் கொடுத்ததை, என் கண்ணெதிரே தின்கிறது.

 தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னங்க மேடம், மயக்கமா? இங்கிட்டு நெழலுக்கு வாங்க."

"இதெல்லாம் அன்னைக்கே ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கலையேங்க" என்றார் மூக்காயி. குற்றம் சொல்கிற குரல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

திருச்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு எல்லாம் விளங்கியது. சாக்கடைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் அறியாத நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து, அந்தக் காட்டமான தண்ணீரைக் கொஞ்சமும் நீர்க்கவைக்காமல் அவற்றின் தலையில் கொட்டியிருக்கிறேன். அவை செத்துப்போயிருக்கும். பிடிக்காததால் தின்னவில்லையா, செத்துப்போனதால் தின்னவில்லையா? இதைச் சொல்வதற்குத்தான் நான்காவது பாட்டில். அதில் சர்க்கரையும் தீராமல் கிடந்திருந்தால், மூன்றாவது பாட்டில் எதற்கும் சாட்சி இல்லை, என் சேறுதான் செத்தது என்று அன்றே தெரிந்திருக்கும்.

நேராகத் தலைமை ஆய்வாளர் அறைக்குப் போனேன். அவர் திருமயம் பக்கத்துக்காரர். வியாபாரக் குடும்பம், கடையில் உட்காராமல் வேதியியல் படித்துவிட்டு வந்தவர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நான்காவது பாட்டிலை விட்டதையும் சொன்னேன். அதுவரை அவருக்கு அது தெரியாது. 

"அறிக்கை தப்புன்னு இப்பவே எழுதிக் குடுத்துடலாம் சார்" என்றேன். "நாளைக்கே திறந்துடுவாங்க."

"தப்புன்னு ஒங்களுக்குத் தெரியுமாம்மா?"

"மீட்டர்ல பாத்தேனே சார்."

"ஒரு வாளிக்கு எண் எறங்குச்சு. முழுசாத் தின்னுச்சா, பாதி தின்னு மீதிய வாய்க்கால்ல விட்டுச்சான்னு தெரியுமா? போன தடவ ஒரு பாட்டில நம்பி முடிவு சொன்னோம். இந்தத் தடவ ஒரு வாளிய நம்பிச் சொல்லுவோமா? கீழ இருக்கிற வயக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. ஒவ்வொரு நாளும் அங்கே அடுப்பு எரியாத வீடுகள்தான் என் கண்ணில் இருந்தன. அவர் சொன்னது சரி என்பது புரிந்ததால்தான் அழுகை வந்தது.

"இன்னைக்கு நமக்குத் தெரிஞ்சது, நமக்குத் தெரியாதுங்கிறது ஒண்ணுதான்" என்றார் அவர். "அத அப்படியே எழுதுங்க. எங்கள் சோதனையில் குறை இருக்கிறது, முடிவை நிறுத்தி வைக்கிறோம், மறுபடி செய்கிறோம்னு. இன்னைக்கே போகட்டும்."

எழுதிக்கொண்டு போனேன். குறை என்னுடையது என்று என் பெயரை மட்டும் போட்டிருந்தேன். அவர் அதை வாங்கி, தன் பெயரையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"போன தடவ கையெழுத்துப் போட்டது ரெண்டு பேரு" என்றார். அதைப் பற்றி அதற்கு மேல் அவர் என்றுமே பேசியதில்லை.

கடிதம் போனதால் கூடம் திறக்கவில்லை. புதிய முடிவு வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். மறுபடியும் நான்கு வாரம். இந்த முறை மூக்காயியின் தொட்டிச் சேற்றைக் கொண்டுவந்தேன். திருச்சிச் சேற்றையும் பக்கத்தில் வைத்தேன். கழிவுநீரை மிகச் சிறிய பங்கிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினேன். இரண்டு சேற்றுக்கும் நான்காவது பாட்டிலை வைத்தேன். ஆஸ்பத்திரி மாதிரிகள் முடிந்திருந்ததால் இடமும் இருந்தது. மூக்காயியிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தொட்டி எப்போதெல்லாம் செத்தது, எத்தனை வாளியில் பழகியது, எத்தனை அவியலுக்குத் தாங்கியது என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். அந்தக் குறிப்பும் கோப்பில் இருக்கிறது. தேடினால் கிடைக்கும்.

திருச்சிச் சேற்றின் நான்காவது பாட்டிலில் சர்க்கரை அப்படியே கிடந்தது. நான் நினைத்தபடிதான். தொட்டிச் சேறு சர்க்கரையையும் தின்றது, கறுப்புத் தண்ணீரையும் தின்றது. ஆனால் எல்லாவற்றையும் அல்ல. ஓர் அளவுக்கு மேல் ஊற்றினால் திணறியது. கொஞ்சம் நிறமும் கடைசிவரை போகவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினேன். ஒரு நாளைக்கு ஓர் அவியல்தான் தாங்கும். தண்ணீரைத் தேக்கிவைத்துச் சிறுகச் சிறுக விட ஒரு குழி வேண்டும். வெளியே விடும் முன் அந்த நிறத்துக்குத் தனியாக ஒரு வடிகட்டி வேண்டும். தலைமை ஆய்வாளர் என்னைத் தடுக்காமல் இருந்திருந்தால், ஒரு நாளைக்கு இரண்டு அவியல் என்றே கூடம் திறந்திருக்கும், வாய்க்காலும் பழையபடி ஓடியிருக்கும். ஒரு தவறைத் திருத்துகிற அவசரத்தில் எதிர்ப்பக்கத்துத் தவறைச் செய்ய இருந்தேன்.

நிபந்தனைகளோடு கூடம் திறந்தது. அன்று நான் போனேன். போக வேண்டாம், அடிக்க வருவார்கள் என்று வீட்டில் சொன்னார்கள். கொட்டை உடைக்கிற இடத்தில் நின்றுகொண்டு, என்ன நடந்தது என்று சொன்னேன். பாட்டில்களைப் பற்றி உங்களுக்குச் சொன்ன மாதிரியே அவர்களுக்கும் சொன்னேன். இரண்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தது என்னால்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

 முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா கேட்டார்.

"அந்த நாலாவது பாட்டில வைக்க எம்புட்டு நேரம் ஆகுமுங்க?"

"அஞ்சு நிமிசம்மா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கையில் இருந்த கொட்டையை உடைக்கத் தொடங்கினார். மற்றவர்களும் குனிந்து வேலையில் இறங்கினார்கள். யாராவது திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வரிசையில் தெய்வானை இல்லை. மூக்காயியிடம் கேட்டேன். கூடம் பூட்டி ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள், பனியன் கம்பெனியில் வேலை என்றார். போன் எண் கொடுத்தார். அந்த எண்ணை இரண்டு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். மூன்றாம் நாள் ஆய்வகத்து மாடிப்படியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். சாப்பாட்டு இடைவேளை. அவள் பக்கமும் மெஷின் சத்தம் கேட்கவில்லை. பெண்கள் பேசிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

"கூடத்தைத் திறந்துட்டாங்க தெய்வானை. ஆள் எடுக்கிறாங்க."

"அப்படிங்களா? மூக்காயி அக்கா சொன்னாங்க. சந்தோசம்ங்க."  "பிள்ளைய இங்கிட்டுப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன். இனி வருசம் முடியாம எடுக்க முடியாது. வீட்டுக்கு அட்வான்சும் குடுத்தாச்சு. நீங்க யாரு பேசுறதுங்க? ஆபீஸா?"

"நான் ஆய்வகத்துல இருந்து பேசறேன். அன்னைக்குத் தண்ணி எடுக்க வந்தேனே. நீங்க கேனைப் பிடிச்சீங்க. நல்ல முடிவா வருமான்னு கேட்டீங்க."

"ஆமா, ஆமா. மேடமா?"

"அந்தச் சோதனைய நான்தான் தப்பாச் செஞ்சேன் தெய்வானை. அளவா விட்டா அந்தத் தண்ணிய உங்க தொட்டி தின்னும். நான் ஒழுங்காப் பார்த்திருந்தா பூட்டியிருக்க மாட்டாங்க. நீங்க ஊரை விட்டுப் போயிருக்க வேண்டாம்."

  பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், "இந்தா வாரேன்" என்று பதில் சொன்னாள். பிறகு போனுக்கு மிக அருகில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மேடம், சாப்பிட்டீங்களா?"